அரூப ஓவியரிடம் கேட்க வேண்டிய கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் ஓவியம் என்றாலே கோணேசர் மலையும் டச்சுக்குடாவும் கோட்டை மான்களும் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு வலுவாக உள்ளது. அவற்றைத் தத்ரூபமாக வரைபவர்கள் மீது எனக்கும் மதிப்புண்டு. ஆயினும் நீலமும் சாம்பலும் மட்டுமே படிந்த ஓர் அரூப ஓவியத்தின் (அதாவது, கண்ணால் காணும் உருவம் எதையும் காட்டாமல் வர்ணங்களாலேயே அமைந்த ஓவியத்தின்) முன் நிற்பவர்கள் "இது கடலா, வானமா?" என்று கேட்டு, விடை கிடைக்காதபோது "இதை என் பேரப்பிள்ளையும் கிறுக்குவான்" என்று சொல்லி நகர்ந்துவிடுவதைப் பலமுறை கண்டிருப்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

உள்ளுணர்வை நம்பி வரையும் அரூப ஓவியர், முன்கூட்டியே மனதில் முடித்துவைத்த படத்தைப் பார்த்து வரைவதில்லை. முதலில் இட்ட வர்ணத்தைப் பார்த்த பின்னரே அடுத்தது எது என்று அவருக்குத் தெரிகிறது. கை முந்திக்கொண்டு இட்டதைக் கண் சோதிக்கிறது. ஒவ்வாததைச் சுரண்டி எடுக்கிறார், அல்லது அதன்மேல் இன்னொரு பூச்சைப் பூசுகிறார். இதைத் தற்செயல் என்று எண்ணுவது தவறு. நாதஸ்வரக் கலைஞர் ராக ஆலாபனையை எழுதிவைத்து வாசிப்பதில்லை. என்றாலும் அடுத்த பிடி தானாக வந்து விழுவதற்குப் பல்லாண்டுச் சாதகம் வேண்டும். அந்த ஆலாபனைக்கு என்ன அர்த்தம் என்று கோயில் வீதியில் நின்று எவரும் கேட்பதுமில்லை.

ரஷ்ய ஓவியர் கண்டின்ஸ்கி தமது படைப்புகளில் உள்ளத்திலிருந்து திடீரெனப் பிறந்தவற்றையும், நெடுங்காலம் சோதித்து நிதானமாக உருவாக்கியவற்றையும் வேறுபடுத்தியே பெயரிட்டார். 2 மீற்றர் உயரமும் 3 மீற்றர் அகலமும் கொண்ட 'கொம்பொசிஷன் 7' என்ற, இரண்டாம் வகையைச் சேர்ந்த ஓவியத்தை 1913இல் அவர் நான்கே நாட்களில் வரைந்து முடித்தார். அதற்கு முன் அவர் செய்த வரைவுகளும் பயிற்சி ஓவியங்களும் 30க்கும் மேற்பட்டவை. இந்திய ஓவியர் கைத்தொண்டே (1924–2001) இதற்கு நேர்மாறான வேகத்தில் இயங்கியவர். நெடுநேரம் சும்மா இருந்து சிந்தித்து, உருளையாலும் வர்ணக் கத்தியாலும் அடுக்கடுக்காக வர்ணம் ஏற்றியும் வழித்தும் ஆண்டுக்கு ஐந்தாறு ஓவியங்களையே முடித்தார். ஒருவர் விரைந்தார், மற்றவர் காத்திருந்தார். ஆனால் எங்கே நிறுத்த வேண்டும் என்பதை இருவருமே அறிந்திருந்தார்கள். என் எண்ணத்தில் இக்கலையில் மிகக் கடினமானது அதுதான். ஒரு பூச்சு கூடினாலும் முழு ஓவியமும் மங்கிப்போகலாம்.

அரூபம் என்ற பெயரில் பயிற்சியின்மையை மறைப்போர் இருப்பதையும் நான் மறுக்கவில்லை. அவர்களை இனங்காணவும், "இது எதைக் குறிக்கிறது?" என்ற கேள்வி உதவாது. ஆகவே தங்கள் ஞாயிறு பதிப்பில் ஓவியர்களின் நேர்காணல்களை வெளியிடும்போது, முதலில் இட்ட வர்ணம் எது, எதை அழித்தீர்கள், ஏன் அழித்தீர்கள், முடிந்துவிட்டது என்று எப்போது உணர்ந்தீர்கள் என்பவற்றையும் கேட்டு எழுதுமாறு செய்தியாளர்களைப் பணிக்கும்படி வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர்,
உப்புவெளி, திருகோணமலை.