வாசல் திறக்கும் தோட்டங்கள்

அன்புள்ள கமலா,

நலம், நலமறிய ஆவல். அத்தானுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மனம் ஆறியது. மாடியில் முல்லைக்குப் பந்தல் போட்டாயிற்றா?

இங்கே குளிர் விட்டுவிட்டது. இங்கிலாந்தில் ஏப்ரல் வந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. சொந்தத் தோட்டம் வைத்திருப்பவர்கள் குறித்த நாளில் வாசலைத் திறந்துவைத்து, முன்பின் தெரியாதவர்களையும் உள்ளே அழைக்கிறார்கள். சிறு கட்டணம் உண்டு. தேநீரும் கேக்கும் விற்பார்கள். பணமெல்லாம் செவிலியர் பணிக்கும் மருத்துவ அறப்பணிகளுக்கும் போய்விடும். வீடு தேடிச் சென்று நோயாளிகளைக் கவனிக்கும் செவிலியர்களுக்காக 1927-இல் தொடங்கிய ஏற்பாடு இது. அந்த ஆண்டே 609 தோட்டங்கள் திறந்தன, ஆளுக்கு ஒரு ஷில்லிங். நூறாண்டை நெருங்கியும் இது நிற்காமல் நடப்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

மாளிகைத் தோட்டங்களைவிட வீட்டுக் கொல்லைகளே எனக்குப் பிடிக்கும். அங்கேதான் மண்ணைக் கொத்தியவரிடமே பேசலாம். போன வாரம் ஓர் அம்மையார், பூத்து ஓய்ந்த டாஃபடில் என்னும் மஞ்சள் பூச் செடிகளைக் காட்டி, "இலையை வெட்டாதே, முடிச்சுப் போட்டும் வைக்காதே, ஆறு வாரமாவது விட்டுவிடு" என்றார். அந்த இலை வெயிலில் சேர்த்துக் கொடுப்பதை வைத்துத்தான் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு அடுத்த ஆண்டுப் பூவை உருவாக்குமாம். பார்க்க அலங்கோலம்தான், அவர் அதை மறைக்கவே இல்லை.

அவர் வீட்டு ஈரப் புல்லில் ஃபிரிட்டிலரி பூத்திருந்தது. ஒரு சாண் உயரத் தண்டில் தலைகவிழ்ந்த ஒற்றைப் பூ. மண்டியிட்டு, விரலால் மெல்ல நிமிர்த்திப் பார்த்தேன். இதழ் முழுக்கக் கருஞ்சிவப்பும் வெளிர் ஊதாவும் கட்டம் கட்டமாக, உன் அம்மா உடுத்திய கண்டாங்கிச் சேலை போலவே!

நீ கேட்ட துலிப் கிழங்கு மதுரைக்கு ஒத்துவராது. நவம்பரில் நட்டால், குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் குளிர்ந்து கிடந்தபின்தான் பூக்கும். நீயே இங்கு வா. ஏப்ரல் கடைசியில் வந்தால், புளூபெல் என்னும் நீல மணிப் பூக்கள் பூத்த காடுகளையும் பார்க்கலாம். மரங்கள் முழுக்கத் தழைத்து வெயிலை மறைப்பதற்குள் அவை பூத்து முடித்துவிடும். தேதி முடிவானதும் எழுது. அந்த வாரம் எந்தெந்தத் தோட்டங்கள் திறந்திருக்கும் என்று பார்த்துவைக்கிறேன்.

அன்புடன்,
வள்ளி