கிரீனிச் கடையின் கூரை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். பெரியவள் செப்டம்பரில் கல்லூரிக்குப் போகிறாள்.

திருச்சியில் மூன்று மாடி ஜவுளிக்கடைக்கு வரைபடம் போடும் வேலை வந்திருப்பதாகவும், முதலாளி பசுமைக் கட்டடச் சான்று வேண்டும் என்று நிற்பதாகவும் எழுதியிருந்தாய். படித்ததுமே இங்கே லண்டனில், கிரீனிச்சில் இருந்த செயின்ஸ்பரிஸ் கடை ஞாபகம் வந்துவிட்டது.

1999-இல் திறந்த சூப்பர்மார்க்கெட் அது. கூரையில் வரிசை வரிசையாக வடக்குப் பார்த்த கண்ணாடி. வெயில் நேராக விழாது, வெளிச்சம் மட்டும் இறங்கும். நம் ஓட்டு வீட்டு அடுப்படியில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு இருக்குமே, அதைக் கடை அகலத்துக்கு விரித்த மாதிரி. பக்கச் சுவர்களை ஒட்டி மண்ணைக் கொட்டி மேடாக்கிப் புல் வளர்த்திருந்தார்கள், உள்ளே குளிரும் சூடும் சட்டென்று மாறாமலிருக்க. வாசலில் பெயர்ப்பலகை விளக்குக்கென்று இரண்டு சிறிய காற்றாலைகள், சோலார் தகடுகளோடு. வழக்கமான கடைக்கு ஆகும் ஆற்றலில் பாதியில் நடத்துவதுதான் திட்டம். 2000-இல், பிரிட்டனில் சிறந்த கட்டடத்துக்குக் கொடுக்கும் ஸ்டிர்லிங் பரிசின் இறுதிப் பட்டியலுக்கே வந்தது. மளிகை வாங்கப் போகும் இடத்துக்குக் கட்டடக்கலையில் அப்படி ஒரு மரியாதை!

2015-இல் பக்கத்திலேயே சார்ல்டனில் இன்னும் பெரிய கடைக்கு மாறிவிட்டார்கள். பழைய கடையைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கச் சொல்லிக் கேட்டவர்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை. 2016-இல் இடித்தாயிற்று. பதினேழே வருஷம்.

அந்த இடத்தில் 2019-இல் ஐகியா என்ற மேஜை நாற்காலிக் கடை வந்தது. அதுவும் சோலார், மழைநீர்ச் சேகரிப்பு, மொட்டைமாடித் தோட்டம் என்று அக்கறையோடு கட்டியதுதான். பிரீயம் என்ற பசுமைக் கட்டடச் சான்றில் மிக உயர்ந்த தரம் வாங்கியது. ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. சிமெண்ட் செய்யும்போது சூளைக்கு எரிக்கும் எரிபொருளிலிருந்தும் கரியமில வாயு வருகிறது, வேகும் சுண்ணாம்புக் கல்லிலிருந்தும் வருகிறது. உனக்குத் தெரியாததில்லை. அந்தக் கடன் கட்டும்போதே ஏறிவிடும். மின்சாரத்தில் மிச்சம் பிடிப்பது வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அதை அடைக்கும். நடுவில் இடித்துவிட்டு மறுபடி கான்கிரீட் போட்டால்?

அதனால் முதலாளியிடம் ஒன்று கேட்டுப் பார். இருபது வருஷம் கழித்துக் கடை வேறிடம் போனால் இந்தக் கட்டடத்தில் என்ன நடக்கும்? தூண்களுக்கு நடுவே நிறைய இடைவெளி விடு, மாடி உயரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம், படிக்கட்டையும் லிஃப்டையும் ஓரத்துக்குக் கொண்டுபோ. நாளைக்கு ஆஸ்பத்திரியோ பள்ளிக்கூடமோ வந்தாலும் இடிக்காமல் சமாளிக்கலாம். மேற்குப் பார்த்த முகப்பு முழுக்கக் கண்ணாடி வேண்டும் என்று சொன்னால் மட்டும் தயவுசெய்து விட்டுக்கொடுக்காதே. சாயங்கால வெயிலோடு ஏசி மல்லுக்கட்டிக்கொண்டே இருக்கும்.

அப்புறம், கூரை வெளிச்சத்தை லண்டனைப் பார்த்து அப்படியே போட்டுவிடாதே. இங்கே வருஷம் முழுக்க உச்சி வெயில் தெற்கிலிருந்துதான். திருச்சியில் சித்திரை பிறந்து சில நாளிலிருந்து ஆவணித் தொடக்கம் வரை அது வடக்கே சாய்ந்துவிடுமே. வடக்குக் கண்ணாடிக்கும் சின்னதாக ஒரு சன்ஷேட் வேண்டும்.

டிசம்பரில் வருகிறேன். அஸ்திவாரம் தோண்டுவதற்குள் வரைபடத்தை அனுப்பு. முதலில் கூரையைத்தான் பார்ப்பேன். அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்