மாஸ்க் பட்டையை இறுக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முதல்முறை ஸ்கூபா டைவிங் போகிறவர்களுக்காக உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். சிலிண்டர், அதிலிருந்து வாய்க்குக் காற்றைத் தரும் ரெகுலேட்டர் பற்றியெல்லாம் விளக்கமாக எழுதியவர், கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க் என்று வந்ததும் 'நல்லதாகப் பார்த்து வாங்குங்கள், தண்ணீர் புகாமல் இருக்கப் பட்டையை நன்றாக இறுக்கிக்கொள்ளுங்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். முதல் பாதியால் யாருக்கும் உபயோகமில்லை, இரண்டாம் பாதி தப்பு.

பட்டையை இறுக்க இறுக்க, முகத்தில் படிய வேண்டிய சிலிக்கோன் ஓரம் கோணி மடியும், அந்த மடிப்பு வழியாகத்தான் தண்ணீர் வரும். தண்ணீருக்குள் போனபின் வெளியே இருக்கும் அழுத்தமே மாஸ்க்கை முகத்தோடு பிடித்துக்கொள்கிறது, பட்டை அதை நழுவாமல் வைத்திருந்தால் போதும். அதையும் மீறிக் கசிந்தால் ஓரத்துக்கு அடியில் முடி மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மீசைக்காரர்களுக்கு மூக்குக்குக் கீழே கொஞ்சம் கசியத்தான் செய்யும், அந்த இடத்தில் மட்டும் மீசையைக் கொஞ்சம் கத்தரித்துவிட்டால் குறையும்.

எல்லோருக்கும் நல்ல மாஸ்க் என்று ஒன்று கிடையாது, விலை கூடினால் முகத்துக்குப் பொருந்திவிடும் என்பதும் இல்லை. கடையில் அண்ணாந்து பார்த்து, பட்டையை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தின் மேல் சும்மா வையுங்கள், ஓரம் முழுக்க இடைவெளி இல்லாமல் படிகிறதா என்று கூட வந்தவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மூக்கால் லேசாக மூச்சை இழுத்தால் கை எடுத்தபின்னும் அது முகத்திலேயே நிற்க வேண்டும். பலமாக உறிஞ்சினால் பொருந்தாத மாஸ்க்கும் ஒட்டிக்கொள்ளும், ஏமாந்துவிடாதீர்கள். முடிந்தால் ரெகுலேட்டரையோ, மேலே மிதக்கும்போது மூச்சு விட உதவும் குழாயான ஸ்நார்க்கெலையோ வாயில் வைத்துக்கொண்டு இன்னொரு முறை பாருங்கள், வாயில் எதையாவது கவ்வும்போது கன்னத்தின் வடிவம் மாறிவிடுகிறது.

மாஸ்க்கின் கண்ணாடி, உடைந்தாலும் கூரான துண்டுகளாகச் சிதறாத டெம்பர்டு கண்ணாடியாக இருக்க வேண்டும். மூக்கை உள்ளே அடக்காத நீச்சல் கண்ணாடி ஸ்கூபாவுக்கு ஆகவே ஆகாது, ஏனென்றால் 10 மீட்டர் ஆழத்திலேயே அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும், மூக்கால் காற்றை ஊதி உள்ளழுத்தத்தைச் சரிசெய்ய வழியில்லாவிட்டால் கண்ணைச் சுற்றியுள்ள இரத்தக் குழாய்கள் வெடித்துக் கண் சிவந்துவிடும். பவர் கண்ணாடி போடுகிறவர்கள், அதே பவரில் லென்ஸ் மாற்றிக்கொள்ளக் கூடிய மாடலாகக் கேட்டு வாங்கலாம்.

அப்புறம், கட்டுரையில் பேச்சே இல்லாத ஒரு விஷயம். புது மாஸ்க்கை அப்படியே கடலுக்கு எடுத்துப் போகக் கூடாது. தயாரிக்கும்போது கண்ணாடியின் உட்புறம் மெல்லிய படலம் ஒன்று படிந்திருக்கும், முகத்தின் சூட்டில் எழும் ஈரம் அதன்மேல் பொடிப்பொடித் துளிகளாக நிற்பதால் ஒன்றும் தெரியாமல் போகும். ஜெல் இல்லாத சாதாரண வெள்ளை டூத்பேஸ்டை உட்புறம் தடவி, விரலால் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும், ஒரு தடவை போதாது, நாலைந்து தடவையாவது. லைட்டர் நெருப்பைக் காட்டி அந்தப் படலத்தை எரிக்கிறவர்களும் உண்டு. வேலை சீக்கிரம் முடியும்தான், ஆனால் ஒரு நொடி கூடுதலாகக் காட்டினால் சிலிக்கோனும் பிளாஸ்டிக் ஃபிரேமும் போச்சு, அதனால் புதியவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். பனி படராமலிருக்க உட்புறம் ஏற்கெனவே பூச்சு பூசி வரும் மாஸ்க்குகளுக்கு இரண்டுமே வேண்டாம், கூட வரும் குறிப்பைப் படியுங்கள்.

இவ்வளவு செய்தாலும் ஒவ்வொரு டைவுக்கும் முன்னால் உள்ளே எச்சில் தடவியோ, தண்ணீர் கலந்த பேபி ஷாம்பு ஒரு சொட்டு விட்டோ லேசாக அலச வேண்டும். அருவருப்பாக இருந்தால் ஷாம்பு போதும். இது இருந்தால் ஈரம் துளியாக நிற்காமல் கண்ணாடி மேல் ஒரே பரப்பாகப் படர்ந்துவிடும், பார்வை மறைக்காது. உள்ளே போனபின் மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டே இருந்தால் மறுபடியும் மங்கும்.

கடைசியாக, கட்டுரையோடு போட்ட படத்தில் ஒருவர் தண்ணீரில் மிதந்தபடி மாஸ்க்கை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சிரிக்கிறார். ஒரு அலை அடித்தால் அது கடலுக்குத்தான், தவிர, பதற்றத்தில் இருப்பவர்கள் அப்படிச் செய்வதுண்டு என்பதால் பயிற்சியாளர்கள் அதை ஆபத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்வார்கள். அடுத்த முறை கழுத்துக்கு இறக்கிவிட்ட படமாகப் போடுங்கள், பட்டையைப் பற்றிய அந்த வரிக்கும் ஒரு திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்