கேஸ் மாத்திரைக்கும் ஒரு கட்டம் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் புற்றுநோய் செல்லை வளரத் தூண்டும் கைனேஸ் என்ற வகைப் புரதங்களை அடைக்கும் மாத்திரைகளை ஒப்பிட்டு அட்டவணை போட்டிருந்தீர்கள். இமாட்டினிப் முதல் தலைமுறை, டாசாட்டினிப்பும் நிலோட்டினிப்பும் இரண்டாம் தலைமுறை. பின்னால் வந்ததுதான் உசத்தி என்று படிக்கிறவர் நினைத்துக்கொள்ளும்படி இருந்தது. செக்கப் வரிசையில் பழக்கமான ஒரு அம்மா அந்தப் பக்கத்தைக் கிழித்து ஃபைலில் வைத்து எடுத்து வந்துவிட்டார். "எனக்கு மட்டும் ஏன் பழசையே எழுதறாங்க?" என்றார். நான் டாக்டர் இல்லை. சி.எம்.எல். என்கிற ரத்தப் புற்றுநோயோடு 12 வருடமாக இருக்கும் ஒருவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள்.

என் கணவர் முதல் 8 வருடம் இமாட்டினிப்தான் சாப்பிட்டார். சாப்பாட்டோடு ஒரு பெரிய டம்ளர் தண்ணீர். காலையில் கண்ணிமை வீங்கும், ராத்திரி கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். பிறகு, ரத்தத்தில் நோய் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று காட்டும் பி.சி.ஆர். டெஸ்ட்டின் எண் ஏறவே டாசாட்டினிப்புக்கு மாற்றினார்கள். எண் இறங்கியது, மறுபடி ஏறியது. "வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?" என்று டாக்டர் கேட்டார். "ஒன்றுமில்லை" என்றேன். கேஸ் மாத்திரையை நம் ஊரில் யார் கணக்கில் சேர்க்கிறார்கள்? தெருமுனை மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கிய பான்டோபிரசோல், தினம் காலையில் காபிக்கு முன்னால். டாசாட்டினிப் கரைந்து ரத்தத்தில் சேர வயிற்றில் அமிலம் வேண்டுமாம். அந்த அமிலத்தைத்தான் நாங்கள் தினமும் அணைத்துக்கொண்டிருந்தோம். கேஸ் மாத்திரையை நிறுத்தினோம், அடுத்த டெஸ்ட்டில் எண் இறங்கியது. உங்கள் அட்டவணையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

நிலோட்டினிப் சாப்பிடும் ஒருவர் எங்கள் பக்கத்து நாற்காலியில் உட்காருவார். டிபன் பாக்ஸ் மடியில், கண் கடிகாரத்தில். மாத்திரைக்கு முன் 2 மணி நேரம், பின் 1 மணி நேரம் எதுவும் சாப்பிடக்கூடாது. அதுவும் தினம் இரண்டு வேளை. அவர் திறக்கும்போது இட்லி விறைத்துப் போயிருக்கும். சர்க்கரை, இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு அதை எழுத டாக்டர்கள் யோசிப்பார்கள். டாசாட்டினிப்பிலோ நுரையீரலைச் சுற்றி நீர் கோக்கலாம்.

புதியவை பி.சி.ஆர். எண்ணைச் சீக்கிரம் இறக்குகின்றன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எத்தனை பேர் பிழைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. அதற்கு முன் கொடுத்துவந்த இன்டர்ஃபெரான் என்கிற ஊசி மருந்தோடு இமாட்டினிப்பை ஒப்பிட்ட பெரிய ஆய்வில், இமாட்டினிப் தொடங்கியவர்களில் 10 வருடம் கழித்தும் 100க்கு 83 பேர் உயிரோடிருந்தார்கள் என்பது கணக்கு. (அதே அட்டவணையில் நுரையீரல் புற்றுநோய்க்கான ஜெஃபிட்டினிப்பையும் எதற்குச் சேர்த்தீர்களோ! அது அடைப்பது வேறு புரதத்தை. செருப்பையும் சட்டையையும் அளவு பார்த்து ஒப்பிட்ட மாதிரி இருக்கிறது.)

விலையையும் விட்டுவிட்டீர்கள். மாதம் 1 லட்சத்துக்கு மேல் விற்ற இமாட்டினிப், இந்தியத் தயாரிப்பாக வந்ததும் 10 ஆயிரத்துக்குள் இறங்கியது. ஏற்கெனவே தெரிந்த இந்த மருந்தின் புதுப் படிக வடிவத்துக்கு அதன் கம்பெனியான நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையை 2006இல் மறுத்தது நம் சென்னை காப்புரிமை அலுவலகம்தான். 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. 'பழசு' எங்கள் கைக்கு எட்டியது அதனால்தான்.

மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதம் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கிறது. உங்கள் பக்கம் தமிழில் வருகிறது. அதனால் அடுத்த முறை அட்டவணை போட்டால் எப்போது சாப்பிடலாம், எந்த மாத்திரையோடு சேராது, யாருக்கு ஆகாது என்று மூன்று கட்டம் சேருங்கள். அந்த அம்மாவுக்கு இமாட்டினிப்பிலேயே எண் நன்றாக இறங்கி நிற்கிறது. "டாக்டரைக் கேட்காம எதையும் மாத்தாதீங்கம்மா, கேஸ் மாத்திரை சாப்பிடறீங்களான்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடுங்க" என்றேன். கிழித்த பக்கத்தின் பின்புறம் எழுதிக்கொண்டு போனார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை - 11