‘சக்கர்’ என்ற சொல்லை யார் மீது எறிவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் இணைப்பில், ஆங்கிலப் பேச்சுவழக்குச் சொல்லான ‘சக்கர்’ (sucker) என்பதற்கு ‘ஏமாளி, முட்டாள்’ என்று பொருள் தந்திருந்தீர்கள். எடுத்துக்காட்டு வாக்கியம், நிதி நிறுவனத்தில் பணம் போட்டு இழந்தவர்களைப் பற்றியது. முதல் பொருள் சரி. இரண்டாவது தவறு. அந்த எடுத்துக்காட்டோ, மாத வட்டி ஆசையில் சேமிப்பைப் பறிகொடுத்த குடும்பங்கள் தெருவுக்குத் தெரு இருக்கும் வேலூர், ஆரணி பக்கத்தில் அச்சிடத் தக்கதே அல்ல.

சக்கர் என்பவன் அறிவில்லாதவன் என்று ஆங்கிலேயர் நினைப்பதில்லை. தாய்ப்பால் உறிஞ்சும் குட்டிதான் இச்சொல்லின் பழைய பொருள். உலகம் அறியாத ஆள், எதைக் கொடுத்தாலும் விழுங்கிவிடுவான் என்ற கருத்தில், 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவில் இன்றைய பொருள் ஏறியது. ‘நிமிஷத்துக்கு ஒரு சக்கர் பிறக்கிறான்’ என்ற புகழ்பெற்ற வாசகத்தை சர்க்கஸ்காரர் பி.டி.பார்னம் சொன்னதாக எல்லாரும் எழுதுகிறார்கள். அவர் சொன்னதற்கு ஆதாரம் கிடையாது. யார் சொன்னாலும் சரி, அது வித்தை காட்டிக் காசு பறிப்பவனின் பேச்சு. இதைத்தான் மாணவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். ஏமாற்றுகிறவன் தன் இரையைப் பார்த்துச் சொல்லும் சொல் அது. அதைப் பத்திரிகை சொன்னால் அவன் பக்கம் போய் நின்றுகொண்டதாகிவிடும்.

தமிழில் இதற்கு மிக நெருங்கியது ‘இளிச்சவாயன்’. ‘நான் என்ன இளிச்சவாயனா?’ என்று சீறுகிறோமே, ஆங்கிலத்தில் அதே இடத்தில் ‘டு ஐ லுக் லைக் எ சக்கர்?’ என்பார்கள். ‘ஏமாந்த சோணகிரி’யும் பொருந்தும். ‘அப்பாவி’ பொருந்தாது, அதில் இரக்கம் இருக்கிறது, சக்கரில் அது துளியும் இல்லை. ‘வெகுளி’யும் அப்படியே. (திருக்குறளில் வெகுளி என்றால் கோபம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொள்வது தனிக் கதை.) ‘கேணை’, ‘மடையன்’ இரண்டும் புத்திக் குறைவைச் சொல்பவை. சக்கர் ஆவதற்கு அது தேவையில்லை: போலீஸ் வேடத்தில் வீடியோ அழைப்பில் வந்து ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று மிரட்டியவர்களிடம் பணத்தை அனுப்பியவர்களில் டாக்டர்களும் வங்கி அதிகாரிகளும் உண்டு. அவசரம், பயம், நம்பிக்கை ஆகிய மூன்றில் ஒன்றைச் சரியான நேரத்தில் தொட்டுவிட்டால் போதும்.

இலக்கணத்தில் இரண்டு இடங்களில் சறுக்கல் வருகிறது. ஒன்று, பின்னால் ‘ஃபார்’ சேர்ந்தால் பொருளே மாறிவிடும். ‘ஐ ஆம் எ சக்கர் ஃபார் ஆம்பூர் பிரியாணி’ என்பவரை எந்தக் கடைக்காரரும் ஏமாற்றவில்லை. ஆம்பூர் பிரியாணி என்றால் தன்னால் வேண்டாம் என்று சொல்ல முடியாது என்கிறார், அவ்வளவுதான். இன்னொன்று, வினையாக வரும்போது பெரும்பாலும் செயப்பாட்டு வடிவம்தான் வரும். அதன்பின் ‘இன்டு’, அதன்பின் ‘இங்’ சேர்ந்த சொல். ‘ஹி வாஸ் சக்கர்ட் இன்டு பையிங் தி பிளாட்’ என்பது சரி. ‘சக்கர்ட் டு பை’ என்று நம் பிள்ளைகள் எழுதுவது பிழை. ‘சாக்கர்’ என்று நீட்டினால் அது கால்பந்து.

மற்றப் பொருள்களை ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம். வேளாண் படிப்பில் சக்கர் என்றால் வாழையின் பக்கக்கன்று. அமெரிக்கக் குழந்தைக்குக் குச்சி மிட்டாய். ‘சக்கர் பஞ்ச்’ என்பது எதிராளி எதிர்பாராத நேரத்தில் விடும் குத்து. பொருளியல் மாணவர்கள், இருவர் ஒருவரையொருவர் நம்புவதா, காலை வாருவதா என்று முடிவெடுக்கும் ‘கைதிகளின் இக்கட்டு’ என்ற கணக்கில் இதைச் சந்திப்பார்கள். இருவரும் ஒத்துழைத்தால் ஆளுக்கு 3 புள்ளி, இருவரும் காலை வாரினால் ஆளுக்கு 1, ஒருவர் நம்பி மற்றவர் வாரினால் வாரியவருக்கு 5, நம்பியவருக்கு 0 என்பது பாடநூல்களில் வழக்கமாகத் தரும் எண்கள். அந்த 0-வுக்குப் பெயர் ‘சக்கர்ஸ் பேஆஃப்’, அதாவது ஏமாந்தவருக்குக் கிடைக்கும் பலன். அங்கே நம்பியவர் முட்டாள்தனம் எதுவும் செய்யவில்லை என்பதையும் கவனிக்கலாம்.

இதே பொருளைச் சுற்றிய சொற்களில் ‘மக்’ (mug, ஏமாளி) பிரிட்டிஷ்காரர்களுடையது. நம் மாணவர்கள் மனப்பாடம் செய்வதைச் சொல்லும் ‘மக்கப்’புடன் சேர்த்துப் படிக்கக் கூடாது. ‘மார்க்’ என்பது இனிமேல்தான் ஏமாற்றப்பட இருப்பவர், அதாவது குறி வைக்கப்பட்டவர். ‘டூப்’ (dupe, ஏமாந்தவர்) என்பது கொண்டலாத்திப் பறவைக்கான பிரெஞ்சுப் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். அந்த அழகான பறவைக்கு இப்படி ஒரு கெட்ட பெயர். ‘ஷீப்பிள்’ செம்மறியையும் மக்களையும் ஒட்டவைத்தது. தனி ஒருவரைச் சொல்ல அது உதவாது. கட்டுரையிலும் தேர்விலும் எழுத ஏற்றது ‘கல்லிபிள்’ (gullible, எளிதில் நம்பிவிடுகிற). அது பெயரடை, ‘எ கல்லிபிள்’ என்று எழுதினால் மதிப்பெண் போகும்.

பணம் இழந்தவர் ஆங்கிலத்தில் புகார் எழுதும்போது இவற்றில் எதுவும் வேண்டாம். ‘ஐ வாஸ் ஃபூல்டு’ என்று எழுதிக் கொடுப்பவர்கள் நிறையப் பேர். சட்டத்தின் சொல் ‘சீட்டிங்’ (cheating). இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 420ஆம் பிரிவு 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 318(4) ஆகிவிட்டது. ஊர்ப் பேச்சில் மட்டும் ‘ஃபோர் ட்வென்டி’ இன்னும் உயிரோடு இருக்கிறது. என்ன பொய் சொன்னார்கள், அதை நம்பி எந்தத் தேதியில், எந்தக் கணக்குக்கு, எவ்வளவு கொடுத்தோம் என்ற நான்கும் புகாரில் இருக்க வேண்டும். நேர்மையற்ற நோக்கத்தோடு தூண்டிப் பணத்தைக் கொடுக்க வைத்தார்கள் என்பதுதான் அந்தப் பிரிவின் உயிர். ‘நான் ஏமாந்துவிட்டேன்’ என்று மட்டும் எழுதினால் எதிராளி செய்தது என்ன என்பதே தெரியாமல் போகும். வைப்புத்தொகை மோசடி என்றால் தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டமும் உண்டு. அதில் பணம் போட்டவருக்குப் பெயர் ‘டிபாசிட்டர்’. அந்த மரியாதையைச் செய்தித் தலைப்பிலும் கொடுக்கலாம்.

தங்கள் பகுதியில் அவசியம் வந்திருக்க வேண்டியது ‘சக்கர் லிஸ்ட்’. ஒருமுறை ஏமாந்தவர்களின் பெயர், கைபேசி எண், இழந்த தொகை ஆகியவற்றைத் தொகுத்து மோசடிக்காரர்கள் தங்களுக்குள் விற்றுக்கொள்ளும் பட்டியல் அது. ஒருமுறை கொடுத்தவர், போனதை மீட்க இன்னொரு முறையும் கொடுப்பார் என்பது அவர்கள் கணக்கு. நிறுவனம் மூடிய சில மாதங்களில் அழைப்பு வரும். ‘ரீஃபண்ட் செக்ஷனிலிருந்து பேசுகிறோம், உங்கள் டெபாசிட் இவ்வளவு, ரிலீஸ் ஆர்டர் ரெடி’ என்று தொகையைச் சரியாகச் சொல்வார்கள். தொகை சரியாக இருப்பதால்தான் நம்பிக்கை வருகிறது. பிறகு பிராசசிங் கட்டணம், அடுத்து ஜிஎஸ்டி, அதற்கும் அடுத்து ஓடிபி. பறிமுதலான சொத்தை விற்றுப் பிரித்துக் கொடுப்பது சிறப்பு நீதிமன்ற உத்தரவின் பேரில் நடப்பது. அதற்கு யாரும் போனில் முன்பணம் கேட்பதில்லை. கட்டிவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்கினால்தான் மீளும். ஒரு நாள் யோசித்துவிட்டு அழைப்பதில் பெரும்பாலும் பயன் இருக்காது.

எனவே அடுத்த வார இணைப்பில் ‘முட்டாள்’ என்பதை நீக்கி ‘இளிச்சவாயன், ஏமாற்றுபவர் பார்வையில் எளிய இரை, எழுத்து நடைக்கு ஆகாது’ என்று திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். எடுத்துக்காட்டுக்கு ஆம்பூர் பிரியாணி வாக்கியத்தை எடுத்துக்கொள்ளலாம். எங்களுக்கு ஆட்சேபம் இல்லை.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர்கள் சிலர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.