கணினி ரசீதில் பவர் சப்ளையின் பெயர் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்துப் பொருத்தும் மேசைக் கணினியைப் பற்றித் தங்கள் நாளிதழின் வழி எங்கள் வட்டாரப் பெற்றோரிடம் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். பாடாங் செராய், லூனாஸ், கூலிம் என்று தோட்டங்களை ஒட்டி வளர்ந்த ஊர்களிலிருந்து இன்று நம் பிள்ளைகள் அனிமேஷன், கட்டட வடிவமைப்பு, இயந்திரவியல் எனப் பல துறைகளில் படிக்கப் போகிறார்கள். மடிக்கணினி போதவில்லை என்று அவர்கள் சொல்லும்போது, ஐயாயிரம் ஆறாயிரம் ரிங்கிட் கொடுத்து ஒரு 'செட்' வாங்கித் தருகிறோம். அதற்காகச் சேமநிதியின் மூன்றாவது கணக்கில் இருந்ததை எடுத்தவர்களையும், அடகுக் கடைக்கு நகை கொண்டு போனவர்களையும் நான் அறிவேன். அத்தனை பாடுபட்டு வாங்கும் பொருளுக்குக் கிடைக்கும் ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்பதே என் கவலை.

நான் 31 ஆண்டுகள் செம்பனை எண்ணெய் ஆலையில் வயர்மேனாக வேலை செய்து ஓய்வு பெற்றவன். முப்பரிமாண அனிமேஷன் படிக்கும் என் இளைய மகளுக்காக ஒரு கடையில் 5,200 ரிங்கிட் கொடுத்து ஒரு கணினி வாங்கினேன். கண்ணாடிப் பக்கமும் வண்ண விளக்குகளுமாக அது பார்க்க அழகாகவே இருந்தது. நான்காம் மாதத்தில் ஒரு நண்பகல், மகள் ஒரு காட்சியை ரெண்டர் செய்துகொண்டிருந்தபோது, அதாவது வடிவமைத்ததைக் கணினி இறுதிப் படமாக ஆக்கிக்கொண்டிருந்தபோது, 'டப்' என்ற ஓசையோடு அணைந்தது. சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்ப மாற்றிக் கொடுக்கும் பவர் சப்ளை போனதோடு, எல்லாப் பாகங்களும் பொருந்தும் மதர்போர்டையும் கொண்டுபோய்விட்டது. கடைக்காரர் இடி விழுந்திருக்கும் என்றார். அந்த வாரம் முழுவதும் எங்கள் ஊரில் ஒரு சொட்டு மழையில்லை. ஆனால் என் கையிலிருந்த ரசீதில் 'கேமிங் பிசி செட் 1' என்ற ஒற்றை வரிதான் இருந்தது. எந்த நிறுவனத்தின் பவர் சப்ளை, எந்த மாடல், எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று எதையும் அதைக் கொண்டு என்னால் கேட்க முடியவில்லை. வாழ்நாள் முழுவதும் மின்சாரத்தோடு பழகிய நான், பிள்ளைக்கு வாங்கும் பொருளின் உள்ளே ஒரு முறை பார்க்காமல் பணத்தை எண்ணிக் கொடுத்தேன் என்பது இன்றும் என்னை வருத்துகிறது.

அந்தப் பவர் சப்ளையைக் கழற்றிப் பார்த்தேன். மேலே கொட்டை எழுத்தில் 650 வாட் என்று இருந்தது. பக்கவாட்டில் ஒட்டியிருந்த அட்டவணையில் 12 வோல்ட் வரிசைக்கு நேரே 28 ஆம்பியர் என்று இருந்தது. இரண்டையும் பெருக்கினால் 336 வாட்தான் வரும். இன்றைய கணினியில், கணக்குகளைச் செய்யும் செயலியும் படங்களை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டும் தமக்கு வேண்டிய மின்சாரத்தில் ஏறக்குறைய முழுவதையும் இந்த 12 வோல்ட் வரிசையிலிருந்தே எடுக்கின்றன. மற்ற வரிசைகளின் கணக்கைக் கூட்டிக் காட்டி 650 என்று எழுதுவதால் அவற்றுக்குப் பயனில்லை. நல்ல நிறுவனத்தின் 650 வாட் பவர் சப்ளையில் அந்த இடத்தில் 54 ஆம்பியர் அளவில் போட்டிருப்பார்கள். இதைப் பார்க்கக் கணினி அறிவு தேவையில்லை. பெருக்கல் தெரிந்த எந்தப் பெற்றோரும் கடையிலேயே நின்று பார்த்துவிடலாம். பெட்டியின் மேல் இருக்கும் '80 பிளஸ்' முத்திரையைக் காட்டி இது தரமானது என்று சொன்னால், அதையும் முழுமையாக ஏற்றுக்கொள்ள வேண்டாம். 2004இல் தொடங்கிய அந்தத் திட்டம், சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்பதையே முக்கியமாக அளக்கிறது. அதன் தரங்களில் ஒன்றான கோல்டில், 230 வோல்ட்டில், பாதிச் சுமையில் 92 விழுக்காடு என்பது அந்த அளவு. மிகை மின்னோட்டத்திலும் குறுக்குச் சுற்றிலும் அது தன்னை அணைத்துக்கொள்ளுமா என்பதை அந்த முத்திரை சொல்லாது. மேலும் அந்தச் சோதனை ஏறத்தாழ 23 பாகை வெப்பத்தில் நடக்கிறது. துத்தநாகக் கூரையின் கீழ் பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் வீட்டு அறை எவ்வளவு சூடாக இருக்கும் என்பதை இந்த நாட்டில் வாழும் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது முறை கணினி வாங்கும் முன், நானும் மகளும் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அமர்ந்தோம். முதலில் எழுதியது எந்தப் பாகத்தின் பெயரும் அல்ல. அவள் செய்யும் வேலையைத்தான். பிளெண்டர் என்னும் மென்பொருளில் உருவங்களைச் செதுக்குவது, அவற்றுக்கு ஒளியும் மேற்பரப்பும் கொடுப்பது, பிறகு மணிக்கணக்கில் ரெண்டர் செய்வது. இந்த வேலையின் பெரும் சுமை கிராபிக்ஸ் கார்டின் மேல் விழுகிறது, அதிலும் அந்தக் கார்டுக்குள் இருக்கும் நினைவகத்தின் மேல் விழுகிறது. காட்சி முழுவதும் அந்த நினைவகத்தில் அடங்காவிட்டால் வேகம் சரிந்துவிடும், அல்லது வேலை பாதியில் நின்றுவிடும். முதல் கணினியில் அவள் பலமுறை அப்படி அவதிப்பட்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

முதல் கணினியில் இருக்கும் கிராபிக்ஸ் கார்டு ஆர்.டி.எக்ஸ். 5060 டி.ஐ. என்று கடைக்காரர் சொன்னது பொய்யல்ல. ஆனால் 2025 ஏப்ரலில் வந்த அந்தக் கார்டு, ஒரே பெயரில் 8 ஜிகாபைட் நினைவகத்தோடும் 16 ஜிகாபைட் நினைவகத்தோடும் விற்கப்படுகிறது. எங்களுக்குக் கிடைத்தது 8. கணினியின் பொது நினைவகமான ரேம் போதாவிட்டால் பிறகு கூட்டிக்கொள்ளலாம். கிராபிக்ஸ் கார்டின் நினைவகத்தை ஒருபோதும் கூட்ட முடியாது. எனவே இரண்டாம் முறை 16 ஜிகாபைட் கார்டை எடுத்தோம். ஆர்.டி.எக்ஸ். 5090 வேண்டும் என்று நண்பர்கள் சிலர் அவளிடம் சொல்லியிருந்தார்கள். 32 ஜிகாபைட் நினைவகம் கொண்ட அந்தக் கார்டு ஒன்றுக்கே 575 வாட் வேண்டும். குறைந்தது 1000 வாட் பவர் சப்ளையைப் பொருத்தும்படி அதைத் தயாரித்த நிறுவனமே சொல்கிறது. மாணவி ஒருத்தியின் மேசைக்கு அது தேவையில்லை என்று இருவரும் பேசி முடிவு செய்தோம்.

செயலியைப் பொறுத்தவரை ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 9 9900எக்ஸ் வாங்கினோம். 12 கோர்கள், அதாவது ஒரே நேரத்தில் தனித்தனியே கணக்கிடும் 12 பகுதிகள், கொண்டது. போட்டி நிறுவனமான இன்டெல்லைத் தாழ்த்திச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். 1972இலேயே இன்டெல்லும் ஏ.எம்.டி.யும் பினாங்கில் ஆலை திறந்தன. தொழிற்சாலைப் பேருந்தில் விடியும் முன் பினாங்கின் தொழிற்பேட்டையான பாயான் லெப்பாசுக்குப் போய் இத்தகைய சில்லுகளைக் கையால் தொட்டுச் சோதித்த பெண்கள் எங்கள் தோட்டக் குடியிருப்பு வரிசைகளிலேயே இருந்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதே பொருளை வாங்கும்போது விவரம் கேட்டு வாங்க வேண்டும் என்பதில் எனக்குத் தனிப்பட்ட ஆவல் உண்டு. எங்கள் தேர்வுக்குக் காரணம் மதர்போர்டின் சாக்கெட், அதாவது செயலி பொருந்தும் இடம். 2022இல் வந்த ஏ.எம்.5 சாக்கெட்டுக்கு 2027 வரையிலும் அதற்குப் பின்னும் ஆதரவு தருவதாக ஏ.எம்.டி. அறிவித்திருக்கிறது. ஆகவே சில ஆண்டுகள் கழித்துச் செயலியை மட்டும் மாற்ற வழியிருக்கிறது.

மதர்போர்டு வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய இருப்பில் கிடந்த போர்டு, புதிய செயலியை அடையாளம் காணாமல் போகலாம். பயாஸ் எனப்படும் போர்டின் அடிப்படை மென்பொருளைப் புதுப்பித்த பிறகே அது இயங்கும். செயலி இல்லாமலேயே யூ.எஸ்.பி. குச்சியிலிருந்து பயாஸைப் புதுப்பிக்கும் பொத்தான் உள்ள போர்டாகத் தேடினோம். பயன்படுத்திய செயலிகளைக் குறைந்த விலைக்கு வாங்க நினைப்போருக்கும் ஒரு சொல். இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகள் சிலவற்றில், மிகையான மின்னழுத்தத்தால் நிலைகுலைவு ஏற்படுவதை 2024இல் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டு, அதற்குப் பயாஸ் வழித் திருத்தமும் கூடுதலாக இரண்டு ஆண்டு உத்தரவாதமும் கொடுத்தது. முன்பு ஏற்பட்ட சேதத்தை அந்தத் திருத்தம் சரிசெய்யாது. எனவே அந்தச் செயலி எப்படி ஓடியது என்று தெரியாமல் இயங்கலையில் வாங்குவது ஆபத்து.

ரேம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டி.டி.ஆர்.5 என்ற வகை ரேம் இரண்டு 32 ஜிகாபைட் துண்டுகளாக வாங்கினோம். ஒரே துண்டாக வாங்கினால் தரவு செல்லும் பாதை பாதியாகிவிடும். 2025 இறுதியிலிருந்து ரேமின் விலை கடுமையாக ஏறிவிட்டதால், இப்போது வாங்குவோர் 32 ஜிகாபைட்டில் தொடங்குவதில் தவறில்லை. கோப்புகளைச் சேமிக்க, என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி. எனப்படும் வேகமான சேமிப்பகம் 2 டெராபைட்டில் ஒன்று.

செயலிக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் மற்றவற்றுக்கும் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோது, முழுச் சுமையில் ஏறக்குறைய 420 வாட் வந்தது. ஆலையில் மோட்டாருக்குக் கேபிள் போடும்போது எல்லையை ஒட்டிப் போடக்கூடாது என்று எனக்குக் கற்றுத் தந்தார்கள். அதே முறையில், பிற்காலத்தில் பெரிய கார்டு மாற்றவும் இடம் இருக்கும்படி, பத்து ஆண்டு உத்தரவாதம் உள்ள 750 வாட் பவர் சப்ளை வாங்கினோம். முதல் கணினியில் விளக்குகளுக்கும் கண்ணாடிக்கும் போன பணம் இதில் இந்த இடத்துக்கு வந்தது.

கேசிங், அதாவது கணினியின் பெட்டி, முன்பக்கம் கண்ணாடியால் மூடாமல் வலைத்துளைகள் உள்ளதாக இருக்க வேண்டும். பாகங்களின் சூடு அறையின் சூட்டுக்கு மேல்தான் ஏறும். குளிர்நாட்டில் எடுத்த காணொளியில் 65 பாகை காட்டும் கணினி, நம் வீட்டில் 75ஐத் தொடலாம். ஆகவே காற்று உள்ளே வரும் வழியும் வெளியே போகும் வழியும் தாராளமாக இருக்கட்டும். ஆனால் பின்பக்கத்தில் பயன்படுத்தாத ஓட்டைகளைத் தகடு கொண்டு மூடிவிடுங்கள். நம் வீடுகளில் பல்லி சூட்டைத் தேடி உள்ளே போகும். மின்பெட்டிகளுக்குள் பல்லி குறுக்கே விழுந்து எரிந்ததை என் பணிக்காலத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கணினிக்கும் அதே கதி நேரலாம்.

இவ்வளவும் செய்துவிட்டு, எர்த் இல்லாத பிளக் பாயிண்டில் செருகினால் பயனில்லை. பழைய வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருக்கும், அதன் பின்னால் எர்த் கம்பி இருக்காது. கணினியின் இரும்புப் பகுதியைத் தொடும்போது சுருக்கென்று பட்டால், உடனே பதிவு பெற்ற வயர்மேனை அழைத்துக் காட்டுங்கள். மின்னல் மிகுந்த நாடு நம்முடையது; திடீர் மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் என்று விற்கும் நீட்டிப்புப் பலகையும், முறையான எர்த் இருந்தால்தான் தன் வேலையை முழுமையாகச் செய்யும். இடி கேட்கத் தொடங்கினால் பிளக்கைப் பிடுங்குவதே உறுதியான பாதுகாப்பு. ரவுட்டரிலிருந்து வரும் கேபிளையும் சேர்த்துக் கழற்ற வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இனி ரசீது. விற்பவர் செயலி, மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு, ரேம், எஸ்.எஸ்.டி., பவர் சப்ளை ஆகிய ஒவ்வொன்றுக்கும் நிறுவனத்தின் பெயர், முழு மாடல் எண், உத்தரவாதக் காலம் ஆகியவற்றை எழுதித் தர வேண்டும். கார்டின் பெயரோடு நினைவகத்தின் அளவும், ரேமோடு எத்தனை துண்டு என்பதும், பாகங்களில் ஒட்டியிருக்கும் தொடர் எண்ணும் இருக்க வேண்டும். நேர்மையான கடைக்கு இது ஐந்து நிமிட வேலை. இரண்டாம் முறை நாங்கள் வாங்கிய கடையில் கேட்டதும் முகம் சுளிக்காமல் அச்சிட்டுக் கொடுத்தார்கள். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது வாங்குவோரின் உரிமை. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை, வழக்கறிஞர் இல்லாமல், ஐந்து ரிங்கிட் கட்டணத்தில் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்திடம் கொண்டு போகலாம். ஆனால் அங்கே போய் நிற்கும்போது, கையில் 'செட் 1' என்ற ரசீதுதான் இருக்கிறது என்றால், எந்தப் பொருள் நமக்கு விற்கப்பட்டது என்பதையே நிறுவ முடியாமல் தவிப்போம். எனக்கு நேர்ந்தது அதுதான்.

ஆசிரியர் அவர்களே, தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில், வெட்டி எடுத்துக் கடைக்குக் கொண்டு போகக்கூடிய ஒரு சிறு படிவத்தை, பாகங்களின் பெயர்கள் தமிழிலும் மாடல் எண் எழுத வெற்றிடமுமாக, பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு முன்பு ஒரு முறை வெளியிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதில் பவர் சப்ளைக்கு இரண்டு வரிகள் ஒதுக்குங்கள்: ஒன்று மாடலுக்கு, மற்றொன்று 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் என்பதற்கு. படிவத்தைத் தயாரிப்பதற்கு என் மகளும் நானும் உதவக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வயர்மேன்,
பாடாங் செராய், கெடா.