கழிப்பறை எங்கே என்று படத்துக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்: வினோத விடுதிக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

குகை, கப்பல், சிறைக்கூடம், விண்கலம், மரவீடு என்று விதவிதமாக அறை கட்டி வாடகைக்கு விடும் உரிமையாளர்களுக்கும், அவற்றைப் படம் போட்டு விற்கும் முன்பதிவுத் தளத்தாருக்கும் வணக்கம்.

சமீபத்தில் குகை மாதிரிக் கட்டிய ஒரு அறையில் தங்கிவிட்டு வந்து நான் அனுப்பிய புகாருக்கு உங்களில் ஒருவரிடமிருந்து பதில் வந்தது. "எங்கள் விடுதி வழக்கமான அறையை எதிர்பார்ப்பவர்களுக்கானது அல்ல." அவ்வளவுதான். கூடவே கண்ணடித்துச் சிரிக்கும் ஒரு இமோஜி. இந்த மடலை எழுத வைத்தது அந்தச் சிரிப்புதான். விடுதியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே பதிலை எழுதக்கூடியவர்கள் உங்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள்.

அறை எப்படி இருந்தது என்பது கட்டியவருக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சுவரும் கூரையும் சிமென்டால் பாறை மாதிரி பூசப்பட்டிருந்தன. கழிப்பறைக் கதவையும் அதே பாறையாகப் பூசிவிட்டார்கள். கைப்பிடி கிடையாது, ஒரு இடுக்கில் விரலை நுழைத்து இழுக்க வேண்டும். கதவுக்கு முன்னால் மூன்று படிகள், ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரம். நிஜக் குகையில் படி சமமாகவா இருக்கும் என்று கேட்டார் வரவேற்பில் இருந்த பையன். விளக்கு தீப்பந்தம் போல நடுங்கிக்கொண்டே இருக்கும், பத்து மணிக்கு மேல் அதுவும் தானாக மங்கிவிடும். இதெல்லாம் போதாதென்று, கூரையிலிருந்து நீர் சொட்டுவது போன்ற ஒலிப்பதிவு இரவு முழுக்க ஓடும். நிறுத்த அறைக்குள் ஸ்விட்ச் இல்லை.

என்னோடு வந்தது அம்மா. மூட்டுவலிக்காரர், இரவில் இரண்டு தடவையாவது எழுந்திருக்க வேண்டியவர். முதல் இரவு சுவரைத் தடவித் தடவிக் கதவைத் தேடினார். நான் செல்போன் வெளிச்சம் காட்ட, ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். மறுநாள் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே குடிக்கவில்லை. "தாகமே எடுக்கலடி" என்றார். ராத்திரி மாத்திரையையும் தொண்டை நனைகிற அளவு நீரில் விழுங்கிவிட்டுப் படுத்தார். காசு கொடுத்துத் தங்க வந்த இடத்தில், எழுந்து போகப் பயந்து ஒரு வயதான பெண் தாகத்தை அடக்கிக்கொண்டு படுத்திருக்கிறார். தலைக்கு மேல் நீங்கள் தண்ணீர் சொட்டும் சத்தத்தை ஓடவிடுகிறீர்கள். இதை வேண்டுமென்றே செய்தீர்கள் என்று சொல்லவில்லை. யாரும் இதைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை என்றுதான் சொல்கிறேன்.

முன்பதிவுப் பக்கத்தில் இருபதுக்கும் மேற்பட்ட படங்கள் இருந்தன. கட்டில், அதன் மேல் ரோஜா இதழ், சுவரில் மான் ஓவியம், எல்லாம் இருந்தது. கழிப்பறை மட்டும் ஒரு படத்திலும் இல்லை. படிகளைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அதனால் என் கோரிக்கை இதுதான்: பணம் கட்டும் பொத்தானுக்கு மேலே, படங்களுக்குப் பக்கத்திலேயே, கழிப்பறை எங்கே இருக்கிறது, அங்கே போக எத்தனை படி ஏற வேண்டும் அல்லது இறங்க வேண்டும், கதவு என்று ஒன்று உண்டா என்பதை எழுதுங்கள். இரண்டு வரி போதும்.

வினோதம் பிடிக்காதவள் நான் இல்லை. பிடித்துத்தானே தேடிப் போனேன். ஆனால் உலகத்திலேயே ஆகக் கடினமான அறைகளை விடுபவர்கள் இந்த விஷயத்தில் உங்களைவிட நேர்மையாக இருக்கிறார்கள். ஸ்வீடனில் யுக்கஸ்யார்வி என்ற ஊரில் 1989இல் தொடங்கிய பனி விடுதியை டோர்ன் ஆற்றுப் பனிக்கட்டியைக் கொண்டு ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் புதிதாகக் கட்டுகிறார்கள். அறைக்குள் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே ஐந்து முதல் எட்டு டிகிரி. பெரும்பாலான பனி அறைகளில் கழிப்பறை கிடையாது, வெதுவெதுப்பான பக்கத்துக் கட்டடத்துக்குத்தான் எழுந்து போக வேண்டும். இது போகிறவர்களுக்கு முன்பே தெரியும். புளோரிடாவில் கீ லார்கோவில் கடலடி ஆய்வுக்கூடமாக இருந்ததை 1986 முதல் விடுதியாக நடத்துகிறார்கள். காற்று உருளை கட்டிக்கொண்டு ஆறு மீட்டருக்கு மேல் மூழ்கினால்தான் வாசலே வரும். அதை மறைத்து யாராவது விற்க முடியுமா? லாட்வியாவில் கரோஸ்டா என்ற பழைய ராணுவச் சிறையில் ஒரு இரவு கைதியாகவே இருக்கலாம். காவலர்கள் அதட்டுவார்கள், வேலை வாங்குவார்கள். அதற்குச் சம்மதம் என்று முதலில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். சிறையில்கூட முன்னறிவிப்பு உண்டு என்பதை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

இது அற்ப விஷயம் என்று தோன்றினால் பொலிவியாவைப் பாருங்கள். உயுனி உப்புப் பாலையின் நடுவே 1990களில் உப்புப் பாளங்களாலேயே ஒரு விடுதி கட்டினார்கள். சுவர், கட்டில், நாற்காலி எல்லாமே உப்பு. பார்க்க ஆள் குவிந்தது. கழிவை எப்படி அகற்றுவது என்பதுதான் தீராத தலைவலியாகி, 2002இல் அதைக் கலைத்துவிட்டுப் பிறகு பாலையின் ஓரத்தில் புதிதாகக் கட்டினார்கள். உங்கள் தொழிலில் சுவர் எதனால் ஆனது என்பது விளம்பரத்துக்கு. விடுதி நிலைப்பது குழாயில்தான்.

ஒலிப்பதிவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஜப்பானில் நாகசாகி மாகாணத்தில் 2015இல் ரோபோக்களை வைத்தே நடத்தும் விடுதி ஒன்று திறந்தது. அறையில் வைத்த பொம்மை, விருந்தினரின் குறட்டையைக் கேள்வி என்று நினைத்துத் தூங்கியவரை எழுப்பி எழுப்பி, புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்று கேட்டதாம். 2019 வாக்கில் இருந்த 243 ரோபோக்களில் பாதிக்கு மேல் வேலையைவிட்டு நிறுத்தப்பட்டன. அவர்கள் தவறை ஒத்துக்கொண்டார்கள். நீங்களோ விருந்தினருக்கு ரசனை போதாது என்கிறீர்கள். தூங்கத்தானே ஐயா அறை எடுக்கிறோம்! கட்டிலுக்கு எதிரே கண்ணாடிச் சுவர் வைத்துக் குளியலறை கட்டும் புண்ணியவான்களே, பயணம் போகிற எல்லோரும் தேனிலவுக்குத்தான் போகிறார்களா? அப்பாவோடும் மாமியாரோடும் யாரும் போவதில்லையா? அகலக் கோண லென்ஸில் எடுத்துப் பூனை படுக்கும் இடத்தை மண்டபமாகக் காட்டும் திறமையில் கொஞ்சத்தை அந்த இரண்டு வரியை எழுதச் செலவிட்டிருக்கலாம்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். கேட்க வந்தது ஒன்றுதான்.

கழிப்பறை எங்கே, எத்தனை படி, கதவு உண்டா. உரிமையாளர்கள் இதை எழுதித் தர வேண்டும். தளம் நடத்துவோர் அதை எழுதாத அறையைப் பட்டியலில் ஏற்றக் கூடாது. வைஃபை உண்டா, நாய்க்குட்டி கொண்டுவரலாமா என்று வடிகட்டித் தேட உங்களிடம் ஏற்கெனவே பெட்டிகள் இருக்கின்றன. அந்த வரிசையில் இன்னும் ஒன்று சேர்ப்பது பெரிய வேலை ஆகாது. இரவில் வெளிச்சத்தையும் சத்தத்தையும் விருந்தினரே நிறுத்த முடியுமா என்பதையும் அதில் சேர்த்தால் இன்னும் நல்லது.

அடுத்த விடுமுறைக் காலத்துக்கான முன்பதிவு தொடங்குவதற்குள் இதைச் செய்து தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் விருந்தினர்